130 பிள்ளைகள் படிக்கும் அமெரிக்க அரசுப் பள்ளி, ரேட்டிங் 10க்கு 4: மகளைச் சேர்க்கலாமா?

நீங்கள் எழுதியதை என் வார்த்தையில் ஒருமுறை சொல்லிவிடுகிறேன். வேலை மாறி அமெரிக்காவிலேயே வேறொரு மாநிலத்தில் ஒரு சிற்றூருக்குக் குடிபோகிறீர்கள். மகள் வரும் ஆகஸ்டில் மூன்றாம் கிரேடு. வீட்டுக்குப் பக்கத்தில் உள்ள அரசு எலிமென்டரி பள்ளியில் கிண்டர்கார்டன் முதல் ஐந்தாம் கிரேடு வரை மொத்தமே 130 பிள்ளைகள். வீடு தேடும் தளத்தில் அதற்கு 10க்கு 4 போட்டிருக்கிறது. மூன்றாம் கிரேடு கணிதத் தேர்ச்சி முந்தின ஆண்டு 57 விழுக்காடு, போன ஆண்டு 38. பாதிப் பேர் இலவச மதிய உணவு வாங்குகிறார்கள், ஆசியர் 2 விழுக்காடு. 20 மைல் தள்ளி 600 பேர் படிக்கும் பள்ளி இருக்கிறது, ரேட்டிங் 8, ஆனால் அங்கே வாடகை கட்டுப்படியாகாது. "இப்படிச் சரிந்துகொண்டிருக்கும் பள்ளியில் சேர்க்கலாமா, கடன் வாங்கியாவது அந்த ஊருக்குப் போய்விடலாமா?" என்று கேட்டிருக்கிறீர்கள். இதில் முதலில் தெரிய வேண்டியது, அந்தப் பக்கத்தில் உள்ள எண்கள் பள்ளி செய்யும் வேலையைக் காட்டுகின்றனவா, இல்லை அங்கே யாருடைய பிள்ளைகள் படிக்கிறார்கள் என்பதைக் காட்டுகின்றனவா என்பதுதான்.

நான் புள்ளியியல் படித்துவிட்டு ஒரு ஸ்கூல் டிஸ்ட்ரிக்டின் (வட்டார அரசுப் பள்ளிகளை நிர்வகிக்கும் அமைப்பு) தேர்வுப் பிரிவில் பல ஆண்டுகளாக வேலை பார்க்கிறேன். ஒவ்வொரு பள்ளியின் முடிவுகளையும் சரிபார்த்து மாநிலத்துக்கு அனுப்புவது எங்கள் பொறுப்பு. நீங்கள் திரையில் பார்க்கும் எண் எங்களைப் போன்றவர்களின் மேசையைக் கடந்துதான் வருகிறது. ஆனால் வகுப்பில் நின்று பாடம் நடத்தியவன் இல்லை. கற்பிக்கும் முறை பற்றி நான் சொல்வதை அந்த அளவுக்கே எடுத்துக்கொள்ளுங்கள்.

உங்களை அதிகம் பயமுறுத்தியது 57இலிருந்து 38க்கு இறங்கியதுதான் என்று தெரிகிறது. 130 பிள்ளைகளை ஆறு வகுப்புகளுக்குப் பிரித்தால் கிரேடுக்கு 21 அல்லது 22 பேர். 21 பேரில் 12 பேர் தேறினால் 57 விழுக்காடு. 8 பேர் தேறினால் 38. ஆக, குறைந்தவர்கள் நான்கே நான்கு பிள்ளைகள். அதுவும் ஒரே பிள்ளைகள் முதலில் தேறிப் பிறகு தவறவில்லை. முந்தின ஆண்டு மூன்றாம் கிரேடில் இருந்தவர்கள் வேறு, போன ஆண்டு இருந்தவர்கள் வேறு. ஆசிரியர், புத்தகம், பாடம் எதுவுமே மாறாத பள்ளியில்கூட, 21 பேர் கொண்ட இரண்டு வகுப்புகளுக்கு இடையில் இந்த அளவு ஏற்ற இறக்கம் சுமார் நான்கு முறைக்கு ஒரு முறை தற்செயலாகவே வரும். அந்த 600 பேர் பள்ளியில் கிரேடுக்கு 100 பேர் இருப்பார்கள். அங்கே இதே 19 புள்ளி இறக்கம் தற்செயலாக வருவது நூறில் ஒரு முறை இருந்தாலே அதிகம். அங்கே இப்படி விழுந்திருந்தால் நானே முதல் ஆளாகக் காரணம் தேடுவேன். சிறிய பள்ளியில் ஒரு வருட எண்ணைப் பார்த்துக் காரணம் தேடுவது வீண் வேலை.

முடிவுகள் வரும் வாரத்தில் இப்படிப்பட்ட சிறு பள்ளி ஒன்றின் பிரின்சிபாலோடு உட்கார்ந்தால் இது கண்கூடாகத் தெரியும். ஒரு கிரேடு முழுவதும் ஒரே தாளில் அடங்கிவிடும். அவர் தாளின் மேல் ஸ்கேலை வைத்து வரி வரியாக இறக்கிக்கொண்டே வருவார். இவன் பிப்ரவரியில்தான் வேறு ஊரிலிருந்து வந்து சேர்ந்தான். இவள் அப்பாவுக்கு ஆபரேஷன், மூன்று வாரம் பள்ளிக்கே வரவில்லை. இவன் கம்ப்யூட்டரில் கடைசிப் பகுதியைத் திறக்காமலே முடித்துவிட்டான். தேர்ச்சிக் கோட்டுக்குச் சற்றுக் கீழே மூன்று பெயர்கள் இருக்கும், இரண்டு கேள்வி கூடுதலாகச் சரியாகியிருந்தால் மேலே போயிருப்பார்கள். விழுக்காடாக மாறி இணையத்துக்குப் போகும்போது இது எதுவும் கூடப் போவதில்லை. கோட்டுக்கு ஒரு மதிப்பெண் கீழே நின்றவனும் எழுத்துக்கூட்டத் திணறுகிறவனும் ஒரே கணக்கில் விழுந்துவிடுகிறார்கள்.

இது என் அனுபவம் மட்டும் இல்லை. தாமஸ் கேன், டக்ளஸ் ஸ்டைகர் என்ற இரண்டு பொருளாதார அறிஞர்கள் வட கரோலினா மாநிலத்தின் பள்ளி முடிவுகளை எடுத்து 2002 வாக்கில் இதை விரிவாகக் காட்டினார்கள். முன்னேற்றத்துக்குப் பரிசு வாங்கும் பட்டியலின் உச்சியில் சிறிய பள்ளிகள் அளவுக்கு மீறி இருந்தன. அடிமட்டத்திலும் அவையே அளவுக்கு மீறி இருந்தன. எண்ணிக்கை குறைந்தால் சராசரி தாறுமாறாக ஆடும், அவ்வளவுதான். பட்டியலின் உச்சியை மட்டும் பார்த்தால் சிறிய பள்ளிதான் சிறந்த பள்ளி என்று தோன்றிவிடும். 2000க்குப் பிறகு கேட்ஸ் அறக்கட்டளை பெரிய உயர்நிலைப் பள்ளிகளைச் சிறு பள்ளிகளாக மாற்றப் பெரும் பணம் செலவழித்தது. அப்படிப் பணம் போட்ட பள்ளிகளில் பலவற்றில் கல்வித் தேர்ச்சி குறிப்பிடும்படி உயரவில்லை என்று பில் கேட்ஸே 2009இல் எழுதினார். அதே சமயம் நியூயார்க் நகரத்தின் சிறு உயர்நிலைப் பள்ளிகளில் குலுக்கலில் இடம் கிடைத்தவர்களையும் கிடைக்காதவர்களையும் ஒப்பிட்ட ஆய்வில், இடம் கிடைத்தவர்கள் பட்டம் பெற்று முடிப்பது கூடியது. சிறியது என்ற ஒரே காரணத்தால் நல்லது என்றோ கெட்டது என்றோ சொல்ல முடியாது என்பதுவரை உறுதி. எந்தச் சூழலில் சிறிய பள்ளி உதவுகிறது என்பது இன்னும் விவாதத்தில் இருக்கும் விஷயம்.

அடுத்து அந்த 4. இப்படிப்பட்ட ரேட்டிங்குகளில் கணிசமான எடையைப் பிடிப்பது மாநிலத் தேர்வில் எத்தனை பேர் கோட்டைத் தாண்டினார்கள் என்பது. அந்த எண்ணைப் பள்ளியைவிடப் பிள்ளையின் வீடு அதிகமாகத் தீர்மானிக்கிறது. 1964 குடிமை உரிமைகள் சட்டத்தின்படி ஜேம்ஸ் கோல்மன் தலைமையில் நாடு முழுக்க ஆறு லட்சத்துக்கும் மேற்பட்ட மாணவர்களைப் பார்த்து 1966இல் அறிக்கை வந்தது. பள்ளிகளின் வசதி வேறுபாடுகளைவிடக் குடும்பப் பின்னணி வேறுபாடுகள்தான் மதிப்பெண்ணோடு அதிகம் ஒட்டி நிற்கின்றன என்பது அதன் முக்கியக் கண்டுபிடிப்பு. கோல்மன் எடுத்த முடிவுகளில் பலவற்றைப் பின்னால் வந்தவர்கள் மறுத்திருக்கிறார்கள். இந்த ஒன்று மட்டும் அறுபது வருடமாகத் திரும்பத் திரும்பத் தலைகாட்டுகிறது. மூன்றாம் கிரேடு விஷயத்தில் இதைக் கூடுதலாகக் கவனிக்க வேண்டும். மாநிலத் தேர்வு தொடங்குவதே மூன்றாம் கிரேடில்தான். எட்டு வயதுப் பிள்ளை எழுதும் முதல் தேர்வில், பள்ளிக்கு வருவதற்கு முந்தைய ஐந்து வருட வீடும் சேர்ந்தே எழுதுகிறது.

ஒரு பள்ளி என்ன செய்கிறது என்பதைப் பார்க்க வேண்டுமானால், பிள்ளை எங்கே தொடங்கி எங்கே போய்ச் சேர்ந்தது என்று பார்க்க வேண்டும். ஸ்டான்ஃபோர்டில் ஷான் ரியர்டன் குழு நாடு முழுவதும் உள்ள தேர்வு முடிவுகளை ஒரே அளவுகோலுக்குக் கொண்டுவந்து இதைப் பார்த்தது. சராசரி மதிப்பெண் ஊரின் வருமானத்தோடு இறுக்கமாக ஒட்டியிருந்தது. ஆனால் ஆண்டுக்கு எவ்வளவு கற்கிறார்கள் என்ற வேகம் வருமானத்தோடு லேசாகத்தான் ஒட்டியிருந்தது. எல்லோரும் பாவம் என்று பேசிக்கொண்டிருந்த சிகாகோவின் பிள்ளைகள் மூன்றாம் கிரேடிலிருந்து எட்டாம் கிரேடுக்குள் ஐந்து வருடத்தில் ஆறு வருடப் படிப்பைக் கற்றிருந்தார்கள். அவர்களின் சராசரி அப்போதும் நாட்டுச் சராசரிக்குக் கீழேதான் இருந்தது. ரேட்டிங்கை மட்டும் பார்த்தவருக்கு அந்த ஆசிரியர்களின் உழைப்பு கண்ணிலேயே பட்டிருக்காது. எனக்கு இதில் உண்மையிலேயே வருத்தம் உண்டு. நன்றாக வேலை செய்யும் பள்ளிகளை நாம் வீட்டு வாடகையை வைத்து ஒதுக்கிக்கொண்டிருக்கிறோம்.

இரண்டு பள்ளிகளின் மொத்த விழுக்காட்டை ஒப்பிடுவது எப்படி ஏமாற்றும் என்பதற்கு ஒரு கணக்கு. எண்கள் என் கற்பனை, கணக்கு மட்டும் உண்மை. சிறிய பள்ளியில் பாதிப் பேர் வறுமையில் உள்ள குடும்பம், அவர்களில் 35 விழுக்காடு தேர்ச்சி. மற்ற பாதியில் 65 விழுக்காடு. மொத்தம் 50. பெரிய பள்ளியில் 10 விழுக்காடு மட்டும் வறுமையில் உள்ள குடும்பம், அவர்களில் 28 தேர்ச்சி. மற்றவர்களில் 58. மொத்தம் 55. வெளியிலிருந்து பார்த்தால் பெரிய பள்ளிதான் முன்னே. ஆனால் ஏழைப் பிள்ளையானாலும் சரி, வசதியான வீட்டுப் பிள்ளையானாலும் சரி, இருவருமே சிறிய பள்ளியில்தான் 7 புள்ளி அதிகம். நீங்கள் சேர்க்கப்போவது சராசரியை இல்லை, உங்கள் மகளை. ஆகவே மொத்த எண்ணை விட்டுவிட்டு, உங்கள் வீட்டைப் போன்ற வீட்டுப் பிள்ளைகள் இரண்டு இடத்திலும் எப்படிச் செய்கிறார்கள் என்று பாருங்கள். உட்பிரிவுவாரியான இந்த எண்கள் உங்களுக்குக் கிடைப்பது 2002இல் கையெழுத்தான சட்டத்தாலும் அதற்குப் பதிலாக 2015இல் வந்த சட்டத்தாலும்தான். வருமானம், இனம், உடல் மற்றும் கற்றல் குறைபாடு, ஆங்கிலம் கற்பவர் என்று பிரித்து ஒவ்வொரு மாநிலமும் வெளியிட்டே ஆக வேண்டும்.

ஒரு சிக்கல், சிறிய பள்ளியில் இந்தப் பிரிவுகள் பல கட்டங்களில் நட்சத்திரக் குறியாகத்தான் இருக்கும். பள்ளி மறைக்கிறது என்று பெற்றோர் அடிக்கடி எங்களுக்குப் போன் செய்வார்கள். மறைப்பது உண்மைதான், ஆனால் அது பிள்ளைக்காக. ஒரு கிரேடில் மூன்றே பேர் இருக்கும் பிரிவின் முடிவைப் போட்டால் ஊரில் எல்லோருக்கும் அது யார் என்று தெரிந்துவிடும். மாணவர் தகவல் பாதுகாப்புச் சட்டம் 1974 முதல் இருக்கிறது. எத்தனை பேருக்குக் கீழே போனால் மறைப்பது என்பதை மாநிலங்கள் தாங்களே வைத்துக்கொள்கின்றன. 10 என்பது பரவலாக உள்ள எல்லை. சில இடங்களில் துல்லியமான எண்ணுக்குப் பதில் "20 முதல் 39 வரை" என்று ஒரு வீச்சு போட்டிருப்பார்கள். அப்படிப்பட்ட வீச்சின் நடுவில் உள்ள எண்ணை எடுத்துப் போடும் தளங்கள் இருந்தால் அதை நம்பி எதையும் முடிவு செய்யாதீர்கள்.

இலவச மதிய உணவு எண்ணுக்கு வருவோம், ஏனென்றால் நம்மவர்கள் இதைப் பார்த்ததும் பின்வாங்குவதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். வீட்டு வருமானம் மத்திய அரசின் வறுமைக் கோட்டில் 130 விழுக்காட்டுக்குள் இருந்தால் உணவு முழு இலவசம், 185 வரை குறைந்த விலை. கட்டட வேலை, முதியோர் இல்லத்தில் உதவியாளர் வேலை, கடையில் பில் போடும் வேலை பார்ப்பவர்கள் பலர் இதற்குள் வந்துவிடுவார்கள். இது ஒன்று. இன்னொன்று, விண்ணப்பமே கேட்காமல் பள்ளி முழுவதற்கும் இலவச உணவு தரும் திட்டம் 2010 சட்டத்தின் மூலம் வந்தது. வேறு அரசு உதவிகள் மூலம் ஏற்கனவே அடையாளம் காணப்பட்ட பிள்ளைகள் 40 விழுக்காடு இருந்தால் பள்ளி இதில் சேரலாம் என்று இருந்ததை 2023இல் 25 ஆகக் குறைத்தார்கள். அப்படிச் சேர்ந்த பள்ளிகளில் சில இடங்களில் 100 விழுக்காடு என்று காட்டும், சில இடங்களில் வேறு கணக்கு. ஆகவே இந்த எண்ணை வைத்து இரண்டு மாநிலப் பள்ளிகளை ஒப்பிடாதீர்கள், ஒரே பள்ளியின் பத்து வருட வரைபடத்தைக்கூட நம்பாதீர்கள். நீங்கள் சொன்ன 50 உண்மையான எண்ணாக இருந்தால் அதில் உங்களுக்கு ஒரு நன்மையும் இருக்கலாம். வறுமை விகிதம் 40ஐத் தாண்டிய பள்ளி, ஏழைப் பிள்ளைகள் அதிகமுள்ள பள்ளிகளுக்கு மத்திய அரசு தரும் டைட்டில் ஒன் நிதியைப் பள்ளி முழுவதற்குமான திட்டமாகச் செலவழிக்க முடியும். வாசிப்புக்கென்று தனி ஆசிரியர் வைத்திருக்கும் சிறு பள்ளிகள் பல அந்தப் பணத்தில்தான் வைத்திருக்கின்றன. இருக்கிறாரா என்று கேளுங்கள்.

ஆசியர் 2 விழுக்காடு என்பது 130இல் இரண்டு அல்லது மூன்று பிள்ளைகள். ஒரே வீட்டு அண்ணன் தங்கையாகவும் இருக்கலாம். அந்தப் பெட்டிக்குள் தமிழ்ப் பிள்ளையும் சீனப் பிள்ளையும் லாவோஸிலிருந்து வந்த ஹ்மாங் அகதிக் குடும்பத்துப் பிள்ளையும் ஒன்றாகத்தான் வருவார்கள், எனவே படிப்பைப் பற்றி அது எதையும் சொல்லாது. அது சொல்லும் ஒரே விஷயம், உங்கள் மகள் வகுப்பில் தன்னைப் போல் ஒருத்தியைப் பார்க்காமல் இருக்கலாம் என்பது. இது சின்ன விஷயம் இல்லை, இதை மதிப்பெண்ணோடு கலக்காமல் தனியாக யோசியுங்கள் என்றுதான் சொல்வேன். சில பிள்ளைகள் ஒரு மாதத்தில் ஊரோடு ஒட்டிவிடுவார்கள், சில பிள்ளைகளுக்கு அது நெடுநாள் உறுத்தும். உங்கள் மகள் எந்த வகை என்பது உங்களுக்குத்தான் தெரியும்.

பதிவு செய்யும்போது வீட்டு மொழி பற்றி ஒரு படிவம் தருவார்கள். நம் பெற்றோர் பலர், பிள்ளையை ஆங்கிலம் தெரியாத வகுப்பில் போட்டுவிடுவார்களோ என்று பயந்து "ஆங்கிலம்" என்று எழுதிவிடுகிறார்கள். தயவுசெய்து தமிழ் என்றே எழுதுங்கள். ஏற்கனவே வேறு பள்ளியில் படித்து வருகிற பிள்ளை என்பதால் பழைய பதிவுகளையும் பார்ப்பார்கள். தேவைப்பட்டால் சேர்ந்த 30 நாளுக்குள் ஒரு சிறிய ஆங்கிலத் தேர்வு வைப்பார்கள், தேறிவிட்டால் அத்தோடு முடிந்தது. தேறாவிட்டால் கூடுதல் உதவி கிடைப்பது அவளுடைய உரிமை. 1974இல் உச்ச நீதிமன்றம் சான் பிரான்சிஸ்கோவின் சீனப் பிள்ளைகள் தொடர்ந்த வழக்கில் சொன்னது அது. பள்ளியைப் பற்றி மாநிலம் வெளியிடும் ரிப்போர்ட் கார்டில் "ஆங்கிலம் கற்பவர்" என்ற பிரிவின் தேர்ச்சி எப்போதும் பரிதாபமாக இருப்பதைப் பார்த்தும் பயப்பட வேண்டாம். நன்றாகத் தேறியவர்கள் சில வருடங்களில் அந்தப் பிரிவை விட்டு வெளியேறிவிடுகிறார்கள். மிஞ்சுபவர்கள் இன்னும் கற்றுக்கொண்டிருப்பவர்கள். அந்தப் பிரிவு அமைந்திருக்கும் விதமே அப்படி.

இன்னொரு எண்ணையும் கவனியுங்கள், பலர் கண்ணில் படாதது: நீடித்த வருகையின்மை. பள்ளி நாட்களில் 10 விழுக்காடோ அதற்கு மேலோ வராத பிள்ளைகளின் பங்கு. காரணம் எதுவாக இருந்தாலும் கணக்கில் வரும். 180 நாள் பள்ளியில் 18 நாள். தேசிய அளவில் தொற்றுக்கு முன் 15 விழுக்காட்டை ஒட்டி இருந்தது, 2021-22இல் 28ஐ ஒட்டிப் போனது, அதன்பிறகு மெல்லக் குறைந்து வருகிறது. என் அனுபவத்தில் ஒரு சிறிய பள்ளியின் நாடித் துடிப்பை மதிப்பெண்ணைவிட இது நன்றாகக் காட்டும். இந்த எண் குறைந்துகொண்டே வருகிறது என்றால் அங்கே யாரோ வீட்டுக்கு வீடு பேசிக்கொண்டிருக்கிறார்கள் என்று பொருள். கையோடு ஒன்று சொல்லிவிடுகிறேன். ஜனவரியில் பொங்கலைச் சேர்த்து நான்கு வாரம் ஊருக்குப் போய் வந்தால் உங்கள் மகளும் இந்தக் கணக்கில் விழுந்துவிடுவாள். 21 பேர் வகுப்பில் ஒரு பிள்ளை 5 விழுக்காடு.

ஆசிரியருக்கு இத்தனை மாணவர் என்ற விகிதத்தைப் பார்த்து மயங்கவும் வேண்டாம். 11 என்று போட்டிருந்தால் வகுப்பில் 11 பேர் இருப்பார்கள் என்று பொருள் இல்லை. இசை, உடற்பயிற்சி, சிறப்புக் கல்வி ஆசிரியர்களையும் சேர்த்து வகுத்த எண் அது. உங்கள் மகளின் வகுப்பில் இருபதை ஒட்டித்தான் இருப்பார்கள். டென்னசியில் 1985இல் தொடங்கிய பரிசோதனையில் 13 முதல் 17 பேர் வரையிலான வகுப்புகளில் படித்த சிறு பிள்ளைகள், 22 முதல் 25 பேர் வகுப்புகளில் படித்தவர்களைவிட முன்னேறினார்கள், அதிலும் கறுப்பினப் பிள்ளைகளுக்குப் பலன் கூடுதல். இருபத்தொன்றை அந்தச் சிறு வகுப்போடு சேர்க்க முடியாது. இதைவிட முக்கியம், கிரேடுக்கு ஒரே வகுப்பு, ஒரே ஆசிரியர் என்பது. பெரிய பள்ளியில் ஒரு ஆசிரியர் ஒத்துவரவில்லை என்றால் பக்கத்து வகுப்புக்கு மாற்றலாம். இங்கே மூன்றாம் கிரேடு என்றாலே அந்த ஒருவர்தான், அவர் நல்லவராக அமைந்துவிட்டால் உங்களுக்கு யோகம். இதைத்தான் நீங்கள் நேரில் போய்ப் பார்க்க வேண்டும். மூன்று, நான்கு, ஐந்தாம் கிரேடு ஆசிரியர்கள் எத்தனை வருடமாக அங்கே இருக்கிறார்கள், பிரின்சிபால் வந்து எத்தனை வருடம் என்று கேளுங்கள். அலுவலகத்தில் தயங்காமல் சொல்வார்கள்.

வீட்டிலிருந்தே செய்யக்கூடியது இது. ரேட்டிங் தளத்தை மூடிவிட்டு மாநிலக் கல்வித் துறையின் பள்ளி ரிப்போர்ட் கார்ட் பக்கத்துக்குப் போங்கள். மூன்று வருட மூன்றாம் கிரேடு முடிவுகளைக் கூட்டி ஒரே எண்ணாகப் பாருங்கள், 63 பிள்ளைகள் ஆகிவிடும், ஆட்டம் கிட்டத்தட்டப் பாதி அடங்கும். பிறகு அட்டவணையைக் குறுக்காகப் படியுங்கள். 57 எடுத்த வகுப்பு அடுத்த ஆண்டு நான்காம் கிரேடில் என்ன எடுத்தது, அதற்கு முந்தைய வகுப்பு ஐந்தாம் கிரேடில் என்ன எடுத்தது என்று. மேலே போகும்போது மாநிலச் சராசரியோடு உள்ள இடைவெளி குறைகிறதா, கூடுகிறதா என்பதுதான் பார்க்க வேண்டியது. இதிலும் இடையில் வந்தவர், போனவர் உண்டு, எனவே ஒரு வகுப்பை மட்டும் வைத்து முடிவுக்கு வராதீர்கள். மூன்று நான்கு வகுப்புகள் ஒரே பக்கம் சாய்ந்தால் அது பேச்சு. உங்கள் மாநிலம் மாணவர் வளர்ச்சி சதமானம் (முன்பு இதே மதிப்பெண் எடுத்த மற்றப் பிள்ளைகளோடு ஒப்பிட்டு எவ்வளவு முன்னேறினார்கள் என்று காட்டும் எண்) என்று ஒன்று வெளியிட்டால் அதில் 50 என்பது நடு. சிறிய பள்ளியில் 45க்கும் 55க்கும் வித்தியாசம் பார்க்காதீர்கள், வருடா வருடம் 35இலேயே கிடந்தால் யோசியுங்கள். நீங்கள் மாநிலம் மாறி வருவதால் பழைய பள்ளியின் விழுக்காட்டோடு இதை ஒப்பிடவே வேண்டாம். தேர்ச்சிக் கோட்டை ஒவ்வொரு மாநிலமும் ஒவ்வொரு உயரத்தில் போட்டிருக்கிறது.

இத்தனைக்கும் பிறகு எண்களால் பதில் சொல்ல முடியாதவை சில உண்டு. கூடப் படிக்கும் பிள்ளைகளின் தரம் உங்கள் மகளின் படிப்பை எவ்வளவு இழுக்கும் அல்லது தூக்கும் என்பதில் ஆய்வுகள் ஒருமித்த பதில் தரவில்லை. வகுப்பில் அடிக்கடி குழப்பம் நடந்தால் எல்லோரின் படிப்பும் கெடும் என்பது மட்டும் ஓரளவு தெளிவு, அதை அரை மணி நேரம் வகுப்பைப் பார்த்தால் நீங்களே அறிந்துகொள்ளலாம். கணிதத்தில் வகுப்பைத் தாண்டி ஓடும் பிள்ளை என்றால் சிறிய பள்ளியில் அவளுக்கென்று தனி வகுப்பு இருக்காது, என்ன செய்வீர்கள் என்று ஆசிரியரிடம் கேளுங்கள். பேச்சுப் பயிற்சி போன்ற சிறப்பு உதவி தேவைப்படும் பிள்ளை என்றால், அந்த நிபுணர் வாரத்தில் எத்தனை நாள் வருகிறார் என்று கேட்டே ஆக வேண்டும், சிறு பள்ளிகள் பெரும்பாலும் அவர்களைப் பகிர்ந்துகொள்கின்றன. நீங்கள் அப்படி எதுவும் குறிப்பிடவில்லை என்பதால் இல்லை என்று வைத்துக்கொள்கிறேன்.

என் முடிவைக் கேட்டால், நீங்கள் கொடுத்த எண்களில் அந்தப் பள்ளியை வேண்டாம் என்று சொல்ல ஒரு காரணமும் இல்லை, கடன் வாங்கி 20 மைல் தள்ளிப் போகவும் காரணம் இல்லை. நல்ல பள்ளி என்று சான்றிதழ் தரவும் அவை போதாது. பாஸ்டன் புறநகர்களை ஆராய்ந்த பொருளாதார அறிஞர் சாண்ட்ரா பிளாக் 1999இல் காட்டியபடி, தேர்வு மதிப்பெண் 5 விழுக்காடு கூடினால் பெற்றோர் வீட்டுக்கு 2.5 விழுக்காடு கூடுதல் விலை கொடுக்கிறார்கள். அந்தக் கூடுதல் பணம் எதற்குப் போகிறது என்று யோசித்துவிட்டுக் கொடுங்கள். முதல் வருடம் வாடகைக்கு இருங்கள், வீடு வாங்க அவசரப்படாதீர்கள். இன்னொன்று: 130 பேர் பள்ளி என்றால் பிள்ளைகள் குறைந்து பக்கத்துப் பள்ளியோடு இணைத்துவிடும் வாய்ப்பு எப்போதும் உண்டு. கல்வி வாரியத்தின் கூட்டக் குறிப்புகள் டிஸ்ட்ரிக்ட் இணையதளத்தில் பொதுவாகக் கிடைக்கும், கடந்த இரண்டு வருடக் குறிப்புகளில் இந்தப் பள்ளியின் பெயரைத் தேடிப் பாருங்கள். மாநிலம் எது என்று இங்கே எழுதினால், அதன் ரிப்போர்ட் கார்டில் நான் சொன்ன அட்டவணைகள் எந்தப் பக்கத்தில் இருக்கின்றன என்று பார்த்துச் சொல்கிறேன்.